ஏழாம் வகுப்பில் இரண்டு பேர்

பதிவேட்டில் பெயர் எழுதுவது நீல மையில், அடிப்பது சிவப்பு மையில். முப்பத்தோரு வருடமாக இந்தப் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருக்கிறேன். முதல் இருபத்தெட்டு வருடம் ஒரு சிவப்புப் பேனா எனக்கு நாலு வருடம் வரும். கடைசி மூன்று வருடத்தில் ஐந்து பேனா தீர்ந்துவிட்டது. யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்வதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இனி இல்லை. ஊரில் எந்தப் பள்ளியை வேண்டுமானாலும் பெற்றோர் தேர்ந்தெடுக்கலாம். பிள்ளை எங்கே போகிறதோ அரசு தரும் பணமும் அங்கே போகும். பள்ளிகள் போட்டி போட்டால் தரம் தானாக உயரும் என்று அதில் எழுதியிருந்தது. வருடா வருடம் ஒரு தரப்பட்டியல் வரும். வருடத்துக்கு ஒரு நாள் அதிகாரி வந்து தலை எண்ணுவார். நாற்பதுக்குக் கீழே போனால் பள்ளிக்குப் பூட்டு.

நியாயமாகச் சொல்ல வேண்டும், முதல் வருடம் நன்றாகத்தான் இருந்தது. ஏழு வருடமாகக் கதவில்லாத பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்கு ஒரே வாரத்தில் கதவு வந்தது. பூட்டிக் கிடந்த நூலகத்தைத் திறந்தோம். அதன் சாவி என் மேசை இழுப்பறையிலேயே இருந்திருக்கிறது. முதல் பீரியட் பாதியில் வரும் கணக்கு சார் மணியடிப்பதற்கு முன்னால் வந்து வாசலில் நின்றார். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க கிளார்க் சார்!" என்று பெரிய டீச்சர் சந்தோஷப்பட்டார். பெரிய டீச்சர் என்பது எங்கள் தலைமை ஆசிரியை. உயரம் என்னவோ என் தோள் வரைக்கும்தான்.

பட்டியல் வந்தது. மேட்டுத் தெருப் பள்ளி முதலிடம், நாங்கள் கடைசிக்கு முந்தைய இடம். கடைசிப் பள்ளியை அடுத்த வருடமே மூடிவிட்டதால் அந்த இடமும் எங்களுக்கே வந்தது. முதலில் போனது வீட்டில் வண்டி இருந்த பிள்ளைகள். தினமும் சாயங்காலம் நோட்டை வாங்கிப் பார்க்கும் அம்மா அப்பா இருந்த பிள்ளைகள். வகுப்பில் ஒரு கேள்வி கேட்டால் கை தூக்குகிறவர்கள் அவர்கள்தான். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் தூக்குவார்கள். அந்தக் கைகள் போனதும் வகுப்பு அப்படியே படுத்துவிட்டது. பிறகு மேட்டுப் பள்ளி கணக்கு சாரையும் கூப்பிட்டுக்கொண்டது. மிச்சம் இருந்தது யார் என்றால், இரண்டு ஷிஃப்ட் வேலைக்குப் போய்ப் படிவம் நிரப்ப நேரமில்லாதவர்களின் பிள்ளைகள், அந்தப் படிவத்தைப் படித்தும் புரியாதவர்களின் பிள்ளைகள், அப்புறம் என் தங்கை மகள்.

என் தங்கை பள்ளிச் சீருடை தைக்கிறாள். வீட்டு முன்னறையிலேயே இரண்டு மெஷின் போட்டிருக்கிறாள். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் சாலையில். தரப்பட்டியல் வருவதற்கு முன்பே எந்தப் பள்ளி ஏறும், எது இறங்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். "மேட்டுப் பள்ளி நீலத்துணி நாலு சுருள் தீந்துருச்சுண்ணே. உங்க பழுப்பு பிரிக்காமயே கெடக்கு" என்றாள் போன கோடையில். அதே கோடையில் அவள் மகளுக்கு மேட்டுப் பள்ளியில் இடம் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்ல வைத்தவன் நான்.

"ஒரு வருஷம் பொறு. கூட்டம் கொறைஞ்சா டீச்சருங்க இன்னும் நல்லா கவனிப்பாங்க" என்றேன்.

"நீங்க சொன்னா சரிண்ணே" என்றாள். அண்ணன் சொல்லைத் தட்டாத தங்கை எனக்கு வாய்த்திருக்கிறாள். அது எனக்கு வரமாகவும் அவளுக்குச் சாபமாகவும் இருந்தது.

உண்மை என்னவென்றால் என் மேசையில் இருந்த கணக்கு வேறு. அவள் மகளையும் விட்டால் நாற்பது தேறுவது சந்தேகம். பள்ளி போனால் எனக்கு வேறு ஏதாவது அலுவலகத்தில் ஒரு நாற்காலி கொடுத்துவிடுவார்கள், சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மனைவி இறந்து எட்டு வருடம் ஆகிறது. வீட்டில் நான் பேசினால் பதில் சொல்ல ஆளில்லை. பேசும் ஒவ்வொரு வார்த்தையையும் நான் பள்ளிக்கூடத்தில்தான் பேசுகிறேன்.

தங்கை மகளை வீட்டில் பாப்பா என்போம். பன்னிரண்டு வயதாகிறது, அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் மாற்ற வரவில்லை. ஏழாம் வகுப்பில் இந்த வருடம் பள்ளி திறந்தபோது இரண்டே பேர்: பாப்பாவும் அவள் சிநேகிதியும். சிநேகிதியைப் பள்ளி முழுக்க வாலு என்றுதான் கூப்பிடும். மரம், சுவர், வாட்டர் டேங்க் எதையும் அவள் விட்டு வைத்ததில்லை. இரண்டு பேருக்காக ஒரு வகுப்பு நடத்த முடியாது என்று ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் ஒரே ஹாலில் உட்கார வைத்தோம். ஆறாவதில் பொடியன்கள் ஒரு பக்கம், எட்டாவதில் மீசை முளைக்கத் தொடங்கிய பையன்கள் மறுபக்கம், நடுவில் ஏழாவதுக்கு ஒரு பெஞ்சு. கணக்கு நடத்த ஒரு சார் காலையில் எங்களிடம் வருவார், மதியத்துக்கு மேல் வேறு பள்ளி. அவருக்கு அரைநாள் சார் என்று பெயர். பாவம், நாளுக்கு எட்டு அறிக்கை கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றிக்கொண்டே பாடம் நடத்துவார். அவர் தலை நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாம் மாதம் வாலுவும் போனாள். இப்போதெல்லாம் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பள்ளி மாற்றிவிடலாம்; டி.சி. வாங்க யாரும் வருவதில்லை. என் வழக்கம் வேறு. பெற்றவர்கள் நேரில் வந்து டி.சி. வாங்கிக் கையெழுத்துப் போட்டால்தான் பெயரை அடிப்பேன். பழைய நாளில் கோபித்துக்கொண்டு போன பிள்ளைகளில் பாதி மாதத்துக்குள் திரும்பி வந்துவிடும். அடித்த பெயரை மறுபடி எழுதினால் பதிவேடு அசிங்கமாகிவிடும். வாலுவின் அம்மா வரவில்லை. வாலு நீல மையிலேயே இருந்தாள். பேப்பரில் நாற்பத்தொன்று, நேரில் நாற்பது.

மாதக் கடைசியில் வருகைப் பதிவைக் கூட்டியபோது பார்த்தேன். வாலு இருபத்திரண்டு நாளும் ஆஜர். முன்பு உண்மையிலேயே இருந்த காலத்தில்கூட அவள் இத்தனை நாள் வந்ததில்லை. பெரிய டீச்சர்தான் அரைநாள் சாரிடம் சொல்லிப் போட வைக்கிறார் என்று நினைத்தேன். தலை எண்ணும் நாளில் ஒன்று குறைந்தால் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? கண்டும் காணாமல் இருந்துவிட்டேன். நான்தான் போட வைக்கிறேன் என்று பெரிய டீச்சர் நினைத்துக்கொண்டு அவரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மனதுக்குள் மெச்சிக்கொண்டு மூன்று மாதம் ஓட்டினோம்.

அந்த மாதங்களில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. மதிய மணி அடித்ததும் பாப்பா சாப்பாட்டு டப்பாவோடு என் அறைக்கு வந்துவிடுவாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். அதிகம் பேச மாட்டாள். ரப்பர் ஸ்டாம்புகளை வரிசையாக அடுக்குவாள். மாமா என்றால் பிள்ளைக்கு உயிர் என்று பெரிய டீச்சரிடம் பீற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் அவள் என் அறைப் பக்கமே வந்ததில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

திங்கட்கிழமை தலை எண்ணும் நாள். அதற்கு முந்தைய புதன்கிழமை, கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சின்ன வயதுப் பெண். குடிக்கத் தண்ணீர் கொடுத்ததை வாங்கி வைத்துவிட்டு, கையிலிருந்த திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"சார், உங்க ஏழாவதுல ஒரு பொண்ணு. அதே நம்பர் மேட்டுப் பள்ளி லிஸ்ட்லயும் இருக்கு. ஒரே பிள்ளை ரெண்டு ஸ்கூல்ல படிக்குது."

பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். நான் பெரிய டீச்சரைப் பார்த்தேன்.

"அது கூட பரவால்ல" என்றார் அதிகாரி. "அங்க மாசா மாசம் மார்க் எறங்கிட்டே போகுது. இங்க ஏறிட்டே போகுது. ஏழு, ஒம்போது, பன்னெண்டு, பதினஞ்சு. இந்த வட்டாரத்துலயே அதிக முன்னேற்றம் காட்டின பிள்ளை உங்க பிள்ளைதான். அவளைப் பாக்கணும்."

அரைநாள் சாரைக் கூப்பிட்டோம். "இருக்காளே மேடம்" என்றார் அவர் வெள்ளந்தியாக. "ஏழாவதுல ரெண்டு பேர். நம்பர் கூப்பிட்டா ரெண்டு குரல் வரும். ரெண்டு நோட்டு வரும், திருத்தறேன்." போய் இரண்டு நோட்டையும் எடுத்து வந்தார். வரும் வழியில்தான் அவர் அந்த நடு பெஞ்சை முதல்முறையாகப் பார்த்திருக்க வேண்டும். திரும்பி வந்தபோது முகம் செத்திருந்தது.

ஒரு நோட்டு பாப்பாவுடையது. இன்னொன்றில் எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது, வாலுவின் எழுத்து அப்படித்தான் சாயும். முதல் பக்கத்தில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று போட்டிருந்தது. மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டுவது வாலுவின் பிரசித்தி பெற்ற தப்பு. அதற்காகவே பழைய கணக்கு சார் தலையில் அடித்துக்கொள்வார். ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் பாப்பா எழுதியிருந்தாள்: "கீழ இருக்கறத கூட்டக் கூடாதுடி, முதல்ல அத ஒரே மாதிரி ஆக்கணும்." அதற்குக் கீழே சாய்ந்த எழுத்தில்: "சரிடி, கத்தாத." பத்துப் பக்கம் தள்ளி அதே மாதிரி ஒரு கணக்கு. பாதி சரி. இன்னும் பத்துப் பக்கம் தள்ளி முழுதும் சரி. பக்கத்தில் அரைநாள் சாரின் சிவப்பு மை: "நல்ல முன்னேற்றம்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நோட்டையும் எழுதியது பாப்பாதான்.

ஹாலில் இருந்த மற்ற இருபது பிள்ளைகளுக்கும் இது தெரியும். பாப்பா இரண்டு குரலில் "உள்ளேன்" சொல்வதைத் தினமும் கேட்டிருக்கிறார்கள். எட்டாவது பையன்கள் சும்மா இருக்கிற கழுதையைக்கூட உதைத்துப் பார்ப்பவர்கள். அவர்கள்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேலியும் செய்யவில்லை.

பாப்பாவைக் கூப்பிட்டார்கள். வந்து மேசையில் இரண்டு நோட்டையும் பார்த்தாள். அதிகாரி மெதுவாகத்தான் கேட்டார். "இது யார் எழுதினதும்மா?" அவள் என்னையே பார்த்தாள்.

"பேரை அடிக்காம விட்டது நான் மேடம். தப்பு என்னோடது" என்றேன்.

"அப்ப இப்பவே அடிச்சிடுங்க சார். எழுத்தரின் கவனக்குறைவுன்னு எழுதிக்கறேன். பேரு போனாலும் நேர்ல நாப்பது இருக்கில்ல? நாப்பது இருந்தா போதும்."

சிவப்புப் பேனாவைத் திறந்தேன். பாப்பா எதிரில் நின்றாள். எத்தனையோ பெயர் அடித்திருக்கிறேன். அந்த ஒரு கோட்டை இழுக்க எனக்குக் கை வரவில்லை. இழுத்தேன். அவள் அழுதிருந்தால் தேவலாம். கோடு கடைசி எழுத்து வரை போகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி ஹாலுக்குப் போய்விட்டாள்.

அதிகாரி கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார். "அந்தப் பொண்ணுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தது யாரோ, நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க." பெரிய டீச்சருக்கு உயிர் வந்துவிட்டது. எல்லாருக்கும் டீ சொன்னார். ஹாலுக்கே போய்ப் பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளி, "நீதான்டி எங்க நாப்பதாவது, எங்க குலசாமி!" என்றார்.

மதியம் பாப்பா டப்பாவோடு வந்தாள். நான் என் டப்பாவைத் திறக்கவில்லை.

"ஏன் பாப்பா அப்படிப் பண்ணே?"

"சும்மா."

"சும்மா யாராவது மூணு மாசம் ரெண்டு நோட்டு எழுதுவாங்களா?"

அவள் ஸ்டாம்பு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முத நாள் நம்பர் ஒண்ணுன்னு சார் கூப்பிட்டாரு. யாரும் பேசல. மறுபடி கூப்பிட்டாரு. கஷ்டமா இருந்துச்சு மாமா. அதான் நானே சொன்னேன்." ஸ்டாம்பை வரிசையில் வைத்துவிட்டு, "அவளுக்குச் சொல்லிக் குடுத்தா எனக்கும் நல்லா புரிஞ்சுது" என்றாள்.

"வாலுவ வெளிய பாக்கறியா?"

"கடைத்தெருவுல பாத்தேன். நீல யூனிஃபார்ம்ல நாலஞ்சு பேரோட போனா. கை காட்டினா." டப்பாவை மூடினாள். "அவ வேற மாமா. இங்க இருந்தவ வேற."

எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தைத் தூக்கி நிறுத்த நான் ஒரு பிள்ளையை முட்டாகக் கொடுத்திருக்கிறேன். அதை அன்பு என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமைதான் இந்த வருடம் பள்ளி மாற்றக் கடைசி நாள். வியாழன் சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனேன். மெஷினில் நீலத்துணி ஓடிக்கொண்டிருந்தது.

"மேட்டுப் பள்ளிப் படிவத்தை எடு. நெரப்பிடலாம்" என்றேன்.

மெஷின் நின்றது. "என்னண்ணே திடீர்னு? திங்கக்கெழம எண்ண வர்றாங்கன்னீங்களே!"

"வரட்டும்."

தங்கை துணியை ஒதுக்கி வைத்தாள். பிறகு எழுந்து அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தாள். எல்லாம் நிரப்பி அவள் கையெழுத்தும் போட்டிருந்தது. "போன மாசமே நெரப்பிட்டேன். உங்ககிட்ட சொல்ல தைரியம் வரல. ஆனா பன்னெண்டு வயசானா பிள்ளையும் கையெழுத்துப் போடணுமாம். ரெண்டு தடவ கேட்டேன். மாட்டேன்னுட்டா."

"ஏன்?"

"அவளையே கேளுங்க."

பாப்பா உள்ளறையில் சீருடைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தாளை நீட்டினேன். வாங்கவில்லை.

"நான் போனா முப்பத்தொம்போது மாமா" என்றாள்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த எண் தெரிந்திருந்தது. என் அறையில் நான் போனில் பேசியதை, பெரிய டீச்சரிடம் புலம்பியதை எல்லாம் ஸ்டாம்பு அடுக்கிக்கொண்டே கேட்டிருக்கிறாள். நான் அவளைப் பிடித்து வைத்திருப்பதாக நினைத்தேன். அவள்தான் என்னைப் பிடித்து வைத்திருந்தாள்.

"அதெல்லாம் இல்ல. புதுசா ஒரு பொண்ணு சேர்றா. இன்னிக்குத்தான் வந்து கேட்டுட்டுப் போனாங்க" என்றேன். பொய் தானாக வந்தது.

ஊசி நின்றது. "நெசமாவா?"

"நெசமா. நீ போனாலும் நாப்பதுக்குக் கொறையாது."

"எந்த ஊருல இருந்து?"

"தூரத்துல இருந்து. அப்பாவுக்கு இங்க வேலை மாத்தலாம்."

"எப்படி இருப்பா?"

"ஒல்லியா. ரெட்டை ஜடை." நிறுத்தியிருக்க வேண்டும். கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிற ஆவல். "உன் வயசுதான். ஏழாவது."

பாப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது. தாளை வாங்கினாள். பேனா எடுத்தாள். கையெழுத்துப் போடும் இடத்தில் முனையை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்ப அவ தனியா உக்காரணுமே மாமா."

ஆறாவது என்று சொல்லியிருக்கலாம். எட்டாவது என்று சொல்லியிருக்கலாம். முப்பத்தோரு வருடம் பதிவேடு எழுதியவனுக்கு ஒரு பொய்யைச் சரியான வகுப்பில் சேர்க்கத் தெரியவில்லை. முன்னறையில் மெஷின் சத்தம் இல்லை. தங்கையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"நான் போய் உக்காந்துக்கறேன்" என்றேன்.

பாப்பா சிரித்துவிட்டாள். "அந்த பெஞ்சுல நீங்க கொள்ள மாட்டீங்க மாமா."

"அதெல்லாம் கொள்வேன். போடு."

"தெனமும் உக்காருவீங்களா?"

"தெனமும்."

போட்டாள்.

திங்கட்கிழமை அதே அதிகாரி வந்து, சின்ன வகுப்புப் பிள்ளைகளையும் ஹாலுக்கு வரவழைத்து, நடுவில் நின்று, விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணினார். முப்பத்தொன்பது. மறுபடி எண்ணச் சொல்லிப் பெரிய டீச்சர் கெஞ்சினார். மறுபடியும் முப்பத்தொன்பது. பெரிய டீச்சர் என்னிடம் அன்று பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. பிள்ளைகளைப் பிரித்து வேறு பள்ளிகளுக்கு அனுப்ப ஒரு மாதம் ஆகும் என்று உத்தரவு வந்தது.

அதிகாரி போன பிறகு ஹாலுக்குள் போய், ஆறாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். பையன்கள் யாரும் சிரிக்கவில்லை. அரைநாள் சார் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பின்னக் கணக்கை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பாப்பா சொன்னது தப்பு. பெஞ்சில் நிறைய இடம் இருந்தது.